மேப்பிள்ஃபோர்ட் வெண்ணெய்ச் சபை

சனிக்கிழமை காலைகளில் ஜாபெஸ் டிப்பெட் சொன்ன பொய்கள்தான் மேப்பிள்ஃபோர்ட் ஊரைக் கட்டிக் காத்துவந்தன. ஊர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தேவாலயமும் ஊர் மண்டபமும் ஆற்றுப் பாலமும்தான் தங்களைச் சேர்த்து வைத்திருப்பதாக அவர்கள் நம்பினார்கள். பாலத்தை ஆறு இரண்டு முறை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. தேவாலயம், பாட்டுக்கு ஆர்கன் வாசிக்கலாமா கூடாதா என்ற தகராறில் பிளந்து, தெருவின் இரு பக்கமும் நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தது. ஜாபெஸின் பொய்யில் மட்டும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

ஜாபெஸ் கடைக்காரர். ஆணி, சீட்டித் துணி, தேயிலை, உப்பு மீன், விளக்குக் கண்ணாடி, குதிரைக்கு லாடம், மனிதனுக்குப் பேதி மருந்து என்று எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே விற்றார். சுற்றுவட்டாரப் பண்ணைப் பெண்கள் சனிக்கிழமைதோறும் மரவாளியில் வெண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துப் போவார்கள். ஒவ்வொரு உருண்டையின் தலையிலும் அந்தந்த வீட்டு மரஅச்சு பதிந்திருக்கும். ஒரு வீட்டுக்கு அன்னம், ஒரு வீட்டுக்குக் கோதுமைக் கதிர்க்கட்டு, ஒரு வீட்டுக்கு முட்பூ. ஜாபெஸ் ஈரத்துணியை விலக்கி, குனிந்து மோந்து, கண்ணை மூடி, ஒரு கணம் அப்படியே நிற்பார். பிறகு சொல்வார்: "இந்த வாரம் போன வாரத்தைவிட ஒரு படி மேல."

எல்லா வெண்ணெய்க்கும் ஒரே விலை. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே அவள் வெண்ணெய் மட்டம் என்று சொல்லிவிட்டுக் கடை நடத்தியவன் கிடையாது. ஜாபெஸுக்கு முன்னால் கடை வைத்திருந்த மனிதர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. மோந்துவிட்டுத் தும்மினார், அவ்வளவுதான். ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று; இப்போது எங்கோ தொலைவில் கான்சஸ் பக்கம் இருப்பதாகக் கேள்வி.

கடையின் பின்கட்டில், திரைக்கு அப்பால், இரண்டு பீப்பாய்கள் இருந்தன. நல்ல வெண்ணெய் வலது பீப்பாய்க்குப் போய், ஊரார் சாப்பாட்டு மேசைக்கு வரும். மற்றது இடது பீப்பாய்க்குப் போகும். வண்டிச் சக்கரத்துக்கு மை கேட்டு யாராவது வந்தால், இடது பீப்பாயிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக் கொஞ்சம் கீல் கலந்து கொடுப்பார். முன்கட்டில் எல்லாப் பெண்களும் சமம், பின்கட்டில்தான் நியாயத்தீர்ப்பு. அதுவும் கடவுளின் நியாயத்தீர்ப்பைப் போலவே யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

இடது பீப்பாய்க்குத் தவறாமல் போனவை இரண்டு. ஒன்று, கர்னல் ப்ளன்கெட்டின் மனைவியுடைய கதிர்க்கட்டு. இன்னொன்று முட்பூ. அது ட்ரூசில்லா கேஜுடையது.

ட்ரூசில்லா கேஜ் குன்றுக்கு அந்தப் பக்கம் தனியாகப் பண்ணை நடத்திய விதவை. அவள் சுட்ட ரொட்டியை நினைத்தாலே நாக்கில் நீர் ஊறும். அவள் ஆப்பிள் பணியாரத்துக்காக இரண்டு தேவாலயத்தாரும் ஒரே மேசையில் உட்கார்ந்ததுண்டு. வெண்ணெய் மட்டும் அவளுக்கு வரவில்லை. அவள் மாடுகள் காட்டு வெங்காயம் மேயும். வெண்ணெயில் அந்த வெங்காயமும் இருக்கும். மழையில் நனைந்த நாயும் எப்படியோ கொஞ்சம் இருக்கும். அந்த வெண்ணெயின் மேல் குனிந்து கண்ணை மூடும்போது ஜாபெஸின் கண் உண்மையிலேயே கலங்கும். அவளை அவர் பல வருடங்களாக விரும்பினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் சொல்லிவிடத்தான் வாய் திறப்பார். "இந்த வாரம் போன வாரத்தைவிட ஒரு படி மேல" என்று வந்துவிடும்.

"வெண்ணெய்கூட உருகி முடிஞ்சுடும், ஜாபெஸ். நீ உருகித் தீரமாட்டே," என்பார் கிழவர் உரியா ஸ்ப்ரேக். கடை நடுவே இருந்த இரும்பு அடுப்புக்கு அருகில் ஆணிப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பதுதான் உரியாவின் தொழில். ஜூலையிலும், அணைந்த அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவார். பக்கத்துப் பீப்பாயில் இருந்த உப்பு பிஸ்கெட் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தின்னலாம் என்பது ஊர் வழக்கம். யார் வேண்டுமானாலும் என்றால் பெரும்பாலும் உரியா.

இந்த அமைதியைக் கெடுத்தவர் கர்னல் ப்ளன்கெட். கர்னல் எந்தப் போரிலும் கலந்துகொண்டதில்லை. ஊர்க்காவல் படையின் வாத்தியக் குழுவுக்கு ஒரு முறை கால்சட்டை தைத்துக் கொடுத்ததால் வந்த பட்டம் அது. அந்தக் கோடையில் அவர் சின்சினாட்டிக்குப் போய் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினார். காலை உணவின்போது பரிமாறியவனிடம், "இது எங்க மேப்பிள்ஃபோர்ட் வெண்ணெயா?" என்று கேட்டார். அவன் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். அவன் மிகுந்த மரியாதையோடு, "அது எங்கே இருக்கு, ஐயா?" என்று கேட்டுவிட்டான்.

கர்னல் பாதி ரொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். மறுநாளே ஊர் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார்.

"தரம் இருந்தா அப்புறம் சபை வரும்னு நீங்க நினைக்கிறீங்க," என்று ஆரம்பித்தார். "தப்பு. சபை இருந்தாத்தான் தரம் வரும். சின்சினாட்டியில எல்லாத்துக்கும் சபை இருக்கு. பன்றிக்குக்கூட இருக்கு. நான் கேக்கிறேன், நம்ம வீட்டுப் பொம்பளைங்க பன்றியைவிட எந்த விதத்துல குறைஞ்சவங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்ல முன்வராததால், மேப்பிள்ஃபோர்ட் வெண்ணெய்த் தரச் சபை ஏகமனதாக அமைந்தது. தலைவர் கர்னல். செயலாளர் பேராசிரியர் க்விம்பி. அழகாக எழுதுவது எப்படி என்று கற்றுக்கொடுத்ததால் அவர் பேராசிரியர். சுவை பார்க்கும் அதிகாரியாகத் தேவாலய மூப்பர் வாட்லி நியமிக்கப்பட்டார். மூப்பர் வாலிபத்திலிருந்தே மூக்குப்பொடி போடுகிறவர். அவருக்குக் கடுகும் பாலும் ஒன்றுதான். அவருடைய நாக்குக்கு யார்மேலும் பாரபட்சம் இருக்க முடியாது என்பதைக் கர்னல் ஒரு தகுதியாகவே எடுத்துச் சொன்னார்.

சபையின் முத்திரை இல்லாமல் இனி எந்தக் கடையிலும் வெண்ணெய் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். ஊரில் இருந்த கடை ஒன்றுதான். சட்டத்தைப் படித்துக் காட்டியபோது எல்லோரும் ஜாபெஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எல்லா வெண்ணெயையும் வாங்கிட்டுத்தானே இருக்கேன், கர்னல் ஐயா," என்றார் ஜாபெஸ்.

"அதுதான் குற்றம்," என்றார் கர்னல்.

முதல் சனிக்கிழமை, கடை வாசலில் மேடை போட்டுச் சபை உட்கார்ந்தது. மூவரும் நீலப் பட்டுக் கச்சை அணிந்திருந்தார்கள். குழலும் முரசும் முன்னால் போக, ஊர்வலமாகத் தெருவை ஒரு சுற்று வந்தார்கள். மூப்பர் ஜெபம் செய்தார். ஆதாம் முதல் ஆபிரகாம் வரை பால் கறந்தவர்களையெல்லாம் நினைவுகூர்ந்தார். பிறகு கர்னல் பேசினார். வண்டிகள் வரிசையாக வெயிலில் நின்றன. ஜெபம் தொடங்கியபோது கெட்டியாக இருந்த வெண்ணெய் பேச்சு முடிந்தபோது எண்ணெயாக இருந்தது. அன்னங்கள் எல்லாம் மூழ்கிவிட்டன.

முதலில் கர்னலின் மனைவி வாளியைத் தூக்கி வந்தாள். மூப்பர் ஒரு பிஸ்கெட்டைத் தோய்த்து மென்றுவிட்டுக் கர்னலைப் பார்த்தார். கர்னல் தன் மனைவியைப் பார்த்தார்.

"முதல் தரம்," என்றார் மூப்பர்.

அடுத்து வந்தவள் ஹேல் வீட்டு அம்மா. அவளுடைய அன்ன அச்சு வெண்ணெய்தான் அந்த மாவட்டத்திலேயே சிறந்தது. அவள் கணவனுக்கோ ஐந்து சகோதரர்கள். ஐந்து பேருக்கும் ஓட்டு உண்டு.

"எனக்கு ரெண்டாம் தரமா?" என்று கேட்டாள், மூப்பர் இன்னும் வாயே திறக்காதபோது.

"உங்களுக்கு... உயர் முதல் தரம்," என்றார் பேராசிரியர் க்விம்பி, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டே.

"அது முதல் தரத்துக்கு மேலயா, கீழயா?"

"பக்கத்துல."

அதன்பின் அந்தப் பாதையிலிருந்து சபையால் திரும்ப முடியவில்லை. மதியத்துக்குள் சிறப்பு முதல் தரம், தனிச்சிறப்பு முதல் தரம், மேன்மைமிகு முதல் தரம், ஈடிணையற்ற முதல் தரம் எல்லாம் தீர்ந்துபோயின. ட்ரூசில்லா கேஜ் கடைசியாக வந்தாள். பேராசிரியருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. 'முதல் தரம், ஞாயிற்றுக்கிழமைக்கு உகந்தது' என்று எழுதி முத்திரை குத்தினார். மூப்பர் அவள் வெண்ணெயை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "பிஸ்கெட் பிரமாதம்," என்றார்.

எந்த முதல் தரம் எதற்கு மேல் என்று அன்று சாயங்காலத்துக்குள் மூன்று வீடுகளில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. சபை அவசரமாகக் கூடித் தரவரிசையை நிர்ணயித்து, அதை யாருக்கும் வெளியிடுவதில்லை என்றும் தீர்மானித்தது. மறதியால் ரகசியம் வெளிவந்துவிடக் கூடாது என்பதற்காக, வரிசை எழுதிய தாளைக் கர்னல் தானும் படிக்காமலேயே கொளுத்தினார்.

புதன்கிழமை சபை மறுபடியும் கூடியது. ஊர் மண்டபத்தில் பிஸ்கெட் இல்லாததால் ஜாபெஸின் கடையில் கூடியது. தாங்கள் வந்தால் உரியா எழுந்து இடம் கொடுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். உரியா ஆணிப் பெட்டியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஒரு சபைன்னா அது எதையாவது தள்ளுபடி பண்ணணும்," என்றார் கர்னல். "எல்லாத்தையும் நல்லதுன்னா ஜனங்க நம்மளை எப்படி மதிப்பாங்க? அதுக்குத்தான் ஜாபெஸே இருக்கானே."

ஜாபெஸ் ஒரு தேயிலைப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வெண்ணெயை ஜனங்க முன்னாடி நிராகரிச்சு, சதுக்கத்துல வெச்சுக் கொளுத்தணும்," என்றார் பேராசிரியர். "கண்டனத் தீர்மானத்தை நேத்தே எழுதிட்டேன். கையெழுத்து நல்லா வந்திருக்கு. பேர் மட்டும்தான் பாக்கி."

"யார் பேரைப் போடறது?" என்று மூப்பர் கேட்டார்.

"வீட்டுல ஓட்டு இருந்தா சிக்கல்," என்றார் கர்னல். "விதவையா இருந்தா நல்லது. விதவைன்னா சட்டப்படி யாருக்கும் மனசு புண்படாது."

"அவளுக்கே புண்படுமே?"

"அது அவளோட சொந்த விஷயம். சபை அதுல தலையிடாது."

பேராசிரியர் பேனாவை எடுத்தார். தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. தேயிலைப் பெட்டி கீழே விழுந்திருந்தது.

"கேஜம்மா வெண்ணெயை நீங்க போன வாரம் முதல் தரம்னு சொன்னீங்களே," என்றார் ஜாபெஸ்.

"ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்," என்றார் பேராசிரியர். "வர்றது சனிக்கிழமை."

அவர்கள் போன பிறகு உரியா ஒரு பிஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணு முட்டாளுங்க சேர்ந்து கண்ணை மூடிட்டுக் கல்லு எறிஞ்சிருக்காங்க. கல்லு நேரா போய் நிஜத்துல விழுந்திருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே. பின்கட்டுல எந்தப் பீப்பாய் எதுக்குன்னு எனக்குத் தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன். எனக்கு என்ன வண்டியா இருக்கு?"

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஜாபெஸ் குன்றேறிப் போனார். சனிக்கிழமை ஊருக்கு வராதே என்று சொல்லிவிட்டால் போதும். சதுக்கத்துத் தீயில் போட அவள் வெண்ணெய் இருக்காது. ட்ரூசில்லா வாசலில் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேஜம்மா, இந்தச் சனிக்கிழமை ரொம்ப வெயில் அடிக்கும்போல இருக்கு."

"அடிக்கட்டும்."

"வெண்ணெய் உருகிடும். வீட்டுலயே வெச்சுக்கிட்டா..."

"ஏன், என் வெண்ணெய்க்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ரொம்ப நல்ல வெண்ணெய்."

"அப்புறம் எதுக்கு நான் ஒளிச்சு வைக்கணும்? நீங்கதானே வாராவாரம் ஒரு படி மேலன்னு சொல்றீங்க. கணக்குப் பார்த்தா இந்நேரம் அது தேவாலயக் கோபுரத்துக்கு மேல போயிருக்கணும்." அவள் கத்தியைத் துடைத்துவிட்டு உள்ளே போய், சூடான ரொட்டியில் வெண்ணெயை விரல்கனத்துக்குப் பூசிக் கொண்டுவந்தாள். "உட்காருங்க. சாப்பிட்டுட்டுப் போங்க."

ஜாபெஸ் சாப்பிட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து, அவர் மெல்லுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள். முதல் கடியில் வெங்காயம் வந்தது. இரண்டாவதில் நாய் வந்தது.

"எப்படி இருக்கு?"

"ஒரு படி மேல," என்றார் ஜாபெஸ், கண்ணீரோடு.

"இன்னொண்ணு தரட்டுமா?"

இன்னொன்றையும் சாப்பிட்டுவிட்டு, சொல்ல வந்த இரண்டு விஷயத்தில் ஒன்றையும் சொல்லாமல், குன்றிறங்கி வந்தார்.

சனிக்கிழமை சதுக்கத்தில் விறகு அடுக்கியிருந்தார்கள். சுற்றுவட்டாரமே வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தது. எரியப்போவது யாருடையது என்று தெரியாத வரை அது நல்ல பொழுதுபோக்குதான். ட்ரூசில்லா வந்து இறங்கியதுமே ஜாபெஸ் ஓடிப்போய், "நிழல்ல வைக்கிறேன், கேஜம்மா," என்று வாளியைக் கிட்டத்தட்டப் பறித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். முட்பூ பதிந்த மேல்தோலை மெல்லிய தகடாகச் சீவி எடுத்தார். மீதியை இடது பீப்பாயில் கவிழ்த்தார். வலது பீப்பாயிலிருந்து ஹேல் வீட்டு வெண்ணெயை அள்ளி வாளியில் அடைத்து, அதன் தலையில் முட்பூவை ஒட்டவைத்து, துணியால் மூடி மேடையில் கொண்டுபோய் வைத்தார். இனி மூப்பர் நக்கினாலும் சரி, மூப்பரின் குதிரை நக்கினாலும் சரி, தப்பு சொல்ல முடியாது.

சபையின் நடைமுறையை மட்டும் அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

குழல் ஊதி, முரசு அடித்து, ஜெபம் முடிந்ததும், கர்னல் நேராகத் தாளை விரித்தார். "மேப்பிள்ஃபோர்ட்டின் நற்பெயருக்குக் களங்கமாகவும், இளைஞர்களின் ஒழுக்கத்துக்கு ஊறாகவும் விளங்கும் இந்த வெண்ணெயை," என்று படித்து, ஒரு கணம் நிறுத்தி, "ட்ரூசில்லா கேஜ் என்பவருடைய வெண்ணெயை, இச்சபை நீண்ட ஆய்வுக்குப் பின் நிராகரிக்கிறது," என்று முடித்தார். வாளியின் மேல் துணிகூட இன்னும் விலகவில்லை.

கூட்டம் ட்ரூசில்லாவைப் பார்த்தது. அவள் தொப்பியின் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளை அப்படிப் பார்க்க ஜாபெஸால் முடியவில்லை. மேடைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ருசி பார்க்கலையே, கர்னல் ஐயா."

"ருசி பார்த்தா அபிப்பிராயம் மாறிடும்," என்றார் பேராசிரியர். "அப்புறம் தீர்மானம் என்ன ஆகறது? மை காஞ்சு போச்சு."

"ஒரே ஒரு வாய் பாருங்க."

உரியா இதற்குள் துணியை விலக்கி ஒரு பிஸ்கெட்டைத் தோய்த்துவிட்டார். மென்றார். அவர் முகத்தில் வியப்பு பரவியது. ஜாபெஸைப் பார்த்தார். பிறகு இன்னொரு பிஸ்கெட்டைத் தோய்த்தார். "கொளுத்தறதுக்கு முன்னாடி மெதுவாப் பேசுங்க, கர்னல். எனக்கு அவசரமில்ல."

கூட்டம் முணுமுணுத்தது. கர்னல் கையை உயர்த்தினார். "கெட்டதைக் கெட்டதுன்னு காட்டணும்னா பக்கத்துல நல்லதை வைக்கணும். சபை அதுக்கும் தயார்." பெண்கள் எல்லோரும் வாளியை இறுகப் பிடித்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்கள். கர்னல் ஓரடி பின்னால் போனார். யாருடைய வாளியைத் தொட்டாலும் மற்றவர்கள் வீட்டு ஓட்டு போய்விடும். யாருடையதுமல்லாத வெண்ணெய் வேண்டும்.

"கடைப் பீப்பாய்," என்றார் பேராசிரியர்.

மூவரும் கச்சையைச் சரிசெய்துகொண்டு பின்கட்டுக்குள் நுழைந்தார்கள். ஜாபெஸ் அவர்களை முந்திக்கொண்டு ஓடி, யோசிக்காமல், இடது பீப்பாயை மறைத்து நின்றார். அதுதான் அவர் செய்த தவறு. கர்னல் அரசியல்வாதி, ஒரு மனிதன் எதை மறைக்கிறானோ அதில்தான் சரக்கு இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"அதுல என்ன?"

"அது... தனியா எடுத்து வெச்சது, ஐயா."

"யாருக்கு?"

ஜாபெஸால் பொய் சொல்ல முடிந்திருக்கும். ஆனால் அவருக்குத் தெரிந்த பொய் ஒன்றுதான். "ஒரு படி மேலன்னு..." என்று இழுத்தார்.

"பார்த்தீங்களா," என்றார் கர்னல். "ஊருக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு." மரக்கரண்டியை விட்டு ஒரு கட்டி எடுத்து வாயில் போட்டார்.

ஜாபெஸ் கண்ணை மூடிக்கொண்டார். தும்மல் சத்தம் கேட்கும், அல்லது மனிதர் விழும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார். இரண்டும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கர்னலின் முகம் கனிந்து, தாய் மடியில் படுத்த குழந்தையின் முகமாக மாறியிருந்தது.

திருமணமான நாளிலிருந்து ஊரில் அவர் தன் மனைவியின் வெண்ணெயைத் தவிர வேறு வெண்ணெய் தின்றதில்லை. சின்சினாட்டி ஹோட்டல் வெண்ணெய்கூட அவருக்குச் சப்பென்றுதான் இருந்தது. வெண்ணெய் என்றால் இப்படித்தான் தொண்டையில் கொக்கி போட்டு இறங்க வேண்டும் என்பது அவர் அறிந்த ஒரே இலக்கணம்.

"இதுதான்," என்றார் தழுதழுத்த குரலில். "மூப்பரே, பாருங்க."

மூப்பர் பார்த்தார். "பிஸ்கெட் இல்லாம சொல்றது கஷ்டம்," என்றார். "ஆனா மறுக்க ஒண்ணுமில்ல."

பீப்பாயைச் சதுக்கத்துக்கு உருட்டி வந்து, மேடையில் நிமிர்த்தி, தங்க நிற நாடா கட்டினார்கள். தரங்களிலெல்லாம் தலையாயது இதுவே என்றும், இதைச் சின்சினாட்டி ஹோட்டலுக்குச் சபையின் அன்பளிப்பாக அனுப்பப்போவதாகவும் கர்னல் அறிவித்தார். வாத்தியக் குழு அந்தப் பழைய கால்சட்டைகளோடு வாசித்தது. காற்று திரும்பியபோது முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

அப்போது ட்ரூசில்லா கேஜ் மேடையேறினாள். பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து, கரண்டியால் ஒரு கட்டியைத் தூக்கி எல்லோரும் பார்க்கும்படி பிடித்தாள். அதன் தலையில் முட்பூ.

"கர்னல் ஐயா, இது யாரு வீட்டு அச்சு?"

 உரியா மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"என் வெண்ணெயைக் கொளுத்தணும்னீங்க. அதுக்கே நாடாவும் கட்டியிருக்கீங்க. இப்ப நான் அழணுமா, கும்பிடணுமா? அதையும் ஒரு தீர்மானமாப் போட்டுச் சொல்லிடுங்க."

கர்னல் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் பேனாவைப் பார்த்தார். அந்த நேரத்தில் கர்னலின் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, பீப்பாய்க்குள் பார்த்து, "இதோ என் கதிர்க்கட்டு," என்று கூவினாள். "இங்கேயும். இங்கே ரெண்டு. இவ்வளவு நாளா என்னுதைத்தான் நல்லதுன்னு தனியா எடுத்து வெச்சிருக்கான் இந்த டிப்பெட், ஒரு வார்த்தை சொல்லாம."

அதைக் கேட்டதும் மற்ற பெண்கள் பீப்பாயை மொய்த்தார்கள். இடது பீப்பாயில் தங்கள் அச்சைக் கண்டவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். காணாதவர்கள் ஜாபெஸைச் சூழ்ந்தார்கள்.

"என் அன்னம் எங்கே?" என்றாள் ஹேல் வீட்டு அம்மா. "வாய்க்கு வாய் ஒரு படி மேலன்னியே. நல்ல பீப்பாயில என் அன்னம் ஒண்ணுகூட இல்லையே. மூஞ்சிக்கு நேரா சிரிச்சுட்டு முதுகுக்குப் பின்னாடி என்னை மட்டமா வெச்சிருக்கே, இல்ல?"

ஊரிலேயே சிறந்த வெண்ணெய் கடைந்த பெண்கள் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். ஊரிலேயே மோசமான வெண்ணெய் கடைந்தவர்கள் எல்லோரும் அவரை ஆசீர்வதித்தார்கள். ஜாபெஸ் கால்சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

சபை மேடையிலேயே அவசரக் கூட்டம் நடத்தியது. நிறைவேறிய தீர்மானத்தைத் திரும்பப் பெறுவது சபைக்கு இழுக்கு. நாடாவை அவிழ்ப்பதும் இழுக்கு. கடைசியில் பேராசிரியர் எழுந்து முடிவைப் படித்தார்: ட்ரூசில்லா கேஜின் வெண்ணெய் நிராகரிக்கப்பட்டது நிராகரிக்கப்பட்டதே, ஆனால் அது மேன்மைமிகு, ஈடிணையற்ற, முதல் தர நிராகரிப்பு. வலது பீப்பாயிலிருந்த சரக்கு, சபையால் தேர்ந்தெடுக்கப்படாத காரணத்தால், இனி வண்டி மைக்கு மட்டும் பயன்பட வேண்டும்.

விறகை வீணாக்கக் கூடாதென்று ட்ரூசில்லாவின் வாளியை மட்டும் கொளுத்தினார்கள். உண்மையில் எரிந்தது ஹேல் வீட்டு வெண்ணெய். அந்த மணம் சதுக்கம் முழுக்கப் பரவியதும் எல்லோருக்கும் பசி எடுத்துவிட்டது. கர்னல் நன்றியுரையைத் தொடங்கியபோது கேட்க நாய்கள் மட்டுமே மிச்சம்.

அன்று சாயங்காலமே பலபேர் தங்கள் வண்டிக்குப் புதுச் சட்டப்படியான மையைப் போட்டுக்கொண்டார்கள். மேப்பிள்ஃபோர்ட்டில் முதல் முறையாக ஒரு சக்கரம்கூடக் கிறீச்சிடவில்லை. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஏழெட்டு நாய்கள் அச்சாணியை நக்கிக்கொண்டே ஓடின. மூப்பர் வாட்லி வீடு போய்ச் சேரும்போது அவருக்குப் பின்னால் போன கூட்டத்தைப் பார்த்து, எதிர்த் தேவாலயத்தார் அவருக்கு ஆள் சேர்ந்துவிட்டதென்று பயந்தார்கள்.

ட்ரூசில்லா வண்டியைக் கடை வாசலில் நிறுத்தினாள். ஜாபெஸ் வெளியே வந்து குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். இனி மறைக்க எதுவும் இல்லை, இவளும் கான்சஸுக்கு வழி சொல்லப்போகிறாள் என்று நினைத்தார்.

"கேஜம்மா, அந்த இடது பீப்பாய்..."

"வண்டி மை," என்றாள் அவள்.

ஜாபெஸின் கை கடிவாளத்திலேயே நின்றுவிட்டது.

"மார்ச்சுல, பனி விழுந்தப்போ, வண்டிக்கு மை வாங்கிட்டுப் போனேன். குளிர்ல கீலோட சரியாக் கலக்கல. மூடியைத் திறந்தா என் முட்பூ என்னையே பார்த்துச் சிரிக்குது. ரெண்டு நாள் யோசிச்சேன். பசங்க யாராவது விளையாடியிருப்பாங்களோன்னு. அப்புறம் ஒரு நாள் நானே என் வெண்ணெய்ல ஒரு துண்டு தின்னு பார்த்தேன்." அவள் முகத்தைச் சுளித்தாள். "நான் வெண்ணெய் தின்னறதில்ல, டிப்பெட். சின்ன வயசிலேர்ந்தே பிடிக்காது. அதனால தெரியாமப் போச்சு."

"தெரிஞ்சும் வாராவாரம் கொண்டுவந்தீங்களே?"

"நீங்க வாராவாரம் அதை மோந்துட்டுக் கண்ணை மூடினீங்களே. என்னதான் சொல்றார்னு பார்க்க வந்தேன். அன்னைக்கு வாசல்ல ரெண்டு துண்டு ரொட்டி தின்னீங்க. ரெண்டாவது வேணுமான்னு கேக்கவே எனக்குப் பாவமா இருந்துச்சு." தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள். "என் வாளியில இன்னைக்கு இருந்தது என் வெண்ணெய் இல்ல. எரிஞ்சப்பவே தெரிஞ்சுது. என்னுது எரிஞ்சிருந்தா ஜனங்க சாப்பிடப் போயிருக்க மாட்டாங்க. ஊரைக் காலி பண்ணியிருப்பாங்க."

ஜாபெஸ் வாயைத் திறந்தார். உள்ளே திரைக்குப் பக்கத்திலிருந்து உரியாவின் குரல் வந்தது: "வெண்ணெயைப் பத்திப் பேசினே, ஆணிப் பெட்டியை எடுத்து அடிப்பேன்."

ஜாபெஸ் வெண்ணெயைப் பற்றிப் பேசவில்லை.

இலையுதிர் காலத்தில் சின்சினாட்டியிலிருந்து துணி ஏஜென்ட் ஒருவன் கடைக்கு வந்தான். கர்னல் அடுப்புக்கு அருகில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய ஹோட்டலில் மேப்பிள்ஃபோர்ட் பீப்பாயைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"ரொம்பப் புகழறாங்க, ஐயா," என்றான் ஏஜென்ட். "அந்த ஹோட்டல் கோச்சு வண்டிங்க தெருவுல போறதே தெரியல. அவ்வளவு சத்தமில்லாம ஓடுது. இன்னொரு பீப்பாய் கிடைக்குமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

கர்னல் எழுந்து நின்று கச்சையைச் சரிசெய்துகொண்டார். "கேட்டீங்களா? நம்ம வெண்ணெய் இல்லேன்னா சின்சினாட்டியே ஓடாது." அன்றே சபையைக் கூட்டித் தனக்கு நன்றி தெரிவித்துத் தீர்மானம் போட்டார்.

அவர் போனதும் ட்ரூசில்லா டிப்பெட் தன் வாளியைக் கல்லாமேல் வைத்தாள். ஜாபெஸ் ஈரத்துணியை விலக்கி, குனிந்து, மோந்து, கண்ணை மூடினார்.

"இந்த வாரம் போன வாரத்தைவிட ஒரு படி மேல."

"தெரியும், போங்க," என்றாள் அவள்.

முட்பூ இடது பீப்பாய்க்குப் போயிற்று. இருவரும் மதியச் சாப்பாட்டுக்கு மாடியேறினார்கள். ரொட்டி இருந்தது. தொட்டுக்கொள்ள வெல்லப்பாகு இருந்தது.